பன்னிரண்டு வோல்ட்டுதானே என்று நினைத்தேன்

நான் வீட்டு வயரிங் ஆள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் முடித்துவிட்டு, பதினாறு வருஷமாகத் திருநகர், பசுமலை, நாகமலைப் புதுக்கோட்டை என்று புதிதாக எழும்புகிற வீடுகளுக்குப் பைப் பதித்து வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன். 230 வோல்ட்டோடு தினமும் புழங்குகிறவனுக்கு வண்டியின் 12 வோல்ட் ஒரு பொருட்டாகவே தெரியாது. தொட்டால் அடிக்காது. ஈரக்கையோடு பிடித்தாலும் ஒன்றும் செய்யாது. அந்த இளக்காரத்தோடுதான் என் டூரிங் வண்டிக்கு நானே வயரிங் செய்தேன். போடிமெட்டில் மழை இருட்டில் வண்டியோடு சேர்ந்து நானும் அணைந்து நின்றபோதுதான் புத்தி வந்தது.

மச்சான் துபாயிலிருந்து வந்தபோது, அங்கே யாரோ விற்றுவிட்டுப் போன பழைய கார்மின் ஜூமோ ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மோட்டார் சைக்கிளுக்கென்றே செய்த ஜிபிஎஸ். திரை உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது, கையுறையோடு தொட்டாலும் கேட்கும், மழைக்கு அஞ்சாது. போன் இருக்க இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். சித்திரை வெயிலில் போனை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு மேலூர் வரை போய்ப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். அரை மணி நேரத்தில் சூடேறி, சார்ஜ் ஏறுவதை நிறுத்தி, திரையை மங்கலாக்கி, கடைசியில் ‘ஆறட்டும்’ என்று படுத்துவிடும். இன்னொன்று அதிர்வு. இன்ஜின் அதிர்வு தங்கள் போனின் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரிக்கை வெளியிட்டது. படம் நடுங்காமல் இருப்பதற்காக லென்ஸைத் தாங்கும் நுண்ணிய அமைப்பு உள்ளே இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் வண்டி அதைப் போட்டு உலுக்கிவிடும்.

ஜிபிஎஸ்ஸோடு இன்னும் இரண்டு சேர்ந்துகொண்டன. ஒன்று யூஎஸ்பி சார்ஜர். இன்னொன்று 20 வாட் எல்இடி ஃபாக் லைட் ஒரு ஜோடி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. அந்த வேகமே சந்தேகத்துக்குரியது என்று இப்போது தோன்றுகிறது.

என்ன செய்தேன் என்றால், ஹெட்லைட்டின் கூட்டை, அதாவது டூமைத் திறந்தேன். சாவி போட்டால் உயிர் வருகிற வயர் ஒன்றைத் தேடினேன். இதிலேயே ஒரு கூத்து. சட்டைப்பையில் எப்போதும் இருக்கிற டெஸ்டரை வைத்து வயர் வயராகக் குத்துகிறேன், எதிலும் விளக்கு எரியவில்லை. பேட்டரி செத்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். நியான் விளக்கு வைத்த டெஸ்டர் 12 வோல்ட்டுக்கு எரியவே எரியாது என்பது பாடத்தில் படித்ததுதான், கைப்பழக்கம் மறக்கடித்துவிட்டது. பிறகு இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயரைச் சுற்றி டெஸ்ட் லேம்ப் ஆக்கிக்கொண்டேன். கிடைத்த வயரின் தோலை நடுவில் அரை இஞ்ச் சீவி, ஜிபிஎஸ், ஃபாக் லைட் இரண்டின் வயரையும் அதிலேயே முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினேன். எர்த்துக்கு (வண்டியில் அது கரண்ட் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி), டூம் பிராக்கெட்டில் கைக்கு எட்டிய போல்ட். வயர், ஏதோ ஒரு வீட்டு வேலையில் மிஞ்சிய துண்டு. தனி ஃப்யூஸ்? வண்டியில்தான் ஏற்கெனவே இருக்கிறதே!

யூஎஸ்பி சார்ஜரை மட்டும் நேராகப் பேட்டரியில் கொடுத்தேன். சாவி எடுத்த பிறகும் போன் சார்ஜ் ஏறட்டும் என்ற பேராசை.

அந்தப் பேராசைதான் முதலில் பல்லைக் காட்டியது. சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டது. திருக்கல்யாணம், தேர், எதிர்சேவை, அழகர் ஆற்றில் இறங்குவது என்று ஊரே தெருவில் நிற்கும்போது பெரிய வண்டியை எடுக்க வழியில்லை. பன்னிரண்டு நாள் கழித்து சாவி போட்டேன். ரிலே (சின்னக் கரண்ட்டால் பெரிய கரண்ட்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச்) ‘டிக் டிக்’ என்றதே தவிர செல்ஃப் எடுக்கவில்லை. என் வண்டிக்குக் கிக்கர் கிடையாது.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், போன் எதுவும் மாட்டாமலே அந்தச் சார்ஜர் 25 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் நீல நிறத்தில் வோல்ட் காட்டுகிற அழகுக்கு ஆன செலவு. 25 மில்லி ஆம்பியர் ஒன்றுமில்லாத கணக்குதான். ஆனால் ஒரு நாளைக்கு 0.6 ஆம்பியர்-அவர். பன்னிரண்டு நாளைக்கு 7.2. என் பேட்டரியே 8 ஆம்பியர்-அவர்தான்! பக்கத்து வீட்டுத் தம்பியைத் தள்ளச் சொல்லி, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டுக் கிளப்பினேன். சார்ஜர் வயரைப் பேட்டரியிலிருந்து கழற்றி, அதையும் டூமுக்குள் இருந்த அதே முறுக்கலில் சேர்த்துவிட்டேன். ஒரு தப்பைத் திருத்துகிறேன் என்று இன்னொரு தப்பின் தலையில் பாரத்தை ஏற்றியிருக்கிறேன்.

ஐப்பசி மாதம் மூணாறு போனேன். போகும்போது உசிலம்பட்டி, ஆண்டிபட்டிக் கணவாய், தேனி, போடி எல்லாம் வெயிலில். திரும்பும்போது பூப்பாறையிலேயே மழை பிடித்துக்கொண்டது. போடிமெட்டு தாண்டி இறக்கத்தில் இறங்கும்போது மணி ஏழு இருக்கும். மேகம் ரோட்டில் உட்கார்ந்திருந்தது. ஃபாக் லைட்டைப் போட்டேன். முதல் இரண்டு கொண்டையூசி வளைவு ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஹேண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பியபோது ஜிபிஎஸ் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது. அடுத்த வளைவில், எல்லாமே போயிற்று. ஹெட்லைட், மீட்டர், இன்ஜின், ஹாரன் எல்லாம். மலை இறக்கத்தில், மழையில், விளக்கில்லாத வண்டியில் உட்கார்ந்து, காது நிறைய டயர் சத்தம் மட்டும். பிரேக்குக்குக் கரண்ட் தேவையில்லாததால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஓரமாக நிறுத்திவிட்டுப் போன் வெளிச்சத்தில் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். நீல நிற 15 ஆம்பியர் ஃப்யூஸ் கருகியிருந்தது. வண்டியில் கூடுதல் ஃப்யூஸ் இல்லை. தொழில் எலக்ட்ரீசியன், கையில் ஒரு ஃப்யூஸ் இல்லை. பின்னால் வந்த பொலிரோ ஒன்று நின்றது. ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற வண்டி. டிரைவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார்.

“என்னண்ணே, ஃப்யூஸா?”

“ஆமா தம்பி. எங்கிட்ட வேற இல்ல.”

சிகரெட் அட்டைக்குள் இருக்கிற வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டலாமா என்று நானே கேட்டேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“வெள்ளித்தாள் எரியாதுண்ணே, வயர்தான் எரியும். டேங்குல பெட்ரோல் வச்சிருக்கீங்க. மொதல்ல நீங்க புதுசா மாட்டுனதெல்லாம் பிச்சு விடுங்க.”

பிறகு தன் வண்டியின் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். “ஹாரன் இல்லாம மலை எறங்க முடியாது. வைப்பர் வேணும். பாட்டு இல்லாம எறங்கிருவேன்” என்று சொல்லி, டேப் செட்டுக்கான ஃப்யூஸைப் பிடுங்கிக் கொடுத்தார். 10 ஆம்பியர். ஹெட்லைட்டை டிம்மில் வைத்து அது தாங்கியது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. போடி வரைக்கும் முன்னால் மெதுவாக அவரே வழிகாட்டிக்கொண்டு வந்தார். 

மறுநாள் டூமைத் திறந்தபோது எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியில் என் வயர் சேசிஸில் உரசி உரசித் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. முறுக்கிய இடத்தில் டேப்பின் கோந்து மதுரை வெயிலில் உருகி வெல்லப்பாகுபோல வழிந்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. பெயின்ட் மேல் எர்த் கொடுத்தவன் நான்.

அதை அப்படியே ஆரப்பாளையத்தில் ஷேர் ஆட்டோக்களுக்கு வயரிங் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனேன். நாற்பது வருஷ அனுபவம். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, அந்த முறுக்கலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“தம்பி வீட்டு வயரிங்கா பாக்குறீக?”

“எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?”

“முறுக்குன தினுசுலயே தெரியுதே. வீடு ஆடாது தம்பி. வண்டி ஆடும்.”

அவ்வளவுதான் சொன்னார். மீதியை வீட்டுக்கு வந்து தாளில் கணக்குப் போட்டேன். 40 வாட் விளக்கு 230 வோல்ட்டில் எரிந்தால் அது இழுப்பது 0.17 ஆம்பியர். அதே 40 வாட் 12 வோல்ட்டில் எரிந்தால் 3.3 ஆம்பியர். ஏறத்தாழ 19 மடங்கு. ஒரு மோசமான ஜாயிண்டில் வீணாகிற சூடு ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது. 19-ன் வர்க்கம் 361. அதாவது, வீட்டுச் சுவருக்குள் இருபது வருஷம் சும்மா கிடக்கிற ஒரு சுமாரான முறுக்கல், வண்டியில் முந்நூறு மடங்குக்கு மேல் சூடாகும். வோல்ட்டு குறையக் குறைய ஜாயிண்ட் ஒழுங்காக இருக்க வேண்டும். ‘பன்னிரண்டு வோல்ட்டுதானே’ என்று நான் நினைத்தது தலைகீழ். அதுவும், வீட்டில் அரை வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. இங்கே மொத்தமே 12. அரை வோல்ட் பெரிய சொத்து.

அந்த ஆரப்பாளையத்து அண்ணனிடம் கேட்டுக் கேட்டு, இரண்டு ஞாயிறு எடுத்துக்கொண்டு மறுபடி செய்தேன். இந்தத் தடவை ஒரே ஒரு தீர்மானம்: வண்டியோடு கம்பெனி கொடுத்த வயரில் ஒன்றைக்கூட வெட்டக் கூடாது, சீவக் கூடாது. நான் சேர்க்கிறவை எல்லாம் தனிக்குடித்தனம். அவர்கள் வீட்டில் அடுப்பு அணைந்தால் அவர்களோடு போகட்டும், வண்டி ஓட வேண்டும்.

பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. வயர் ஒன்று. ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸைப் பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வைக்க வேண்டும். ஃப்யூஸ் காப்பாற்றுவது கருவியை அல்ல, வயரை. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவில் இருக்கிற வயர் எங்கேயாவது பாடியில் உரசினால் அதைத் தடுக்க யாரும் இல்லை. அங்கிருந்து ஒரு 30 ஆம்பியர் ரிலே. ரிலேயின் அடியில் எண் போட்டிருக்கும்: 30-ல் பேட்டரி வயர், 87-ல் லோடு, 85-ல் எர்த், 86-ல் சாவி போட்டால் உயிர் வருகிற வயர். 87ஏ என்று நடுவில் ஒரு கால் இருந்தால் அதைச் சும்மா விட்டுவிட வேண்டும். அது ரிலே தூங்கும்போது உயிரோடு இருக்கிற கால். அதில் ஃபாக் லைட்டைக் கொடுத்துவிட்டு, வண்டியை அணைத்தால் லைட் எரிகிறதே என்று தலையைச் சொறிந்த ஒருவரை எனக்குத் தெரியும். நான் இல்லை. இந்தத் தடவை நான் இல்லை.

86-க்கான கரண்ட்டை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பலர் வயரை வெட்டுகிறார்கள். ரிலேயின் சுருள் 0.2 ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்கும். எந்த வயருக்கும் அது பாரமில்லை. நான் பின்னால் நம்பர் பிளேட் விளக்கின் கப்ளரை (வயர்களைச் செருகி இணைக்கிற பிளக்) தேர்ந்தெடுத்தேன். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் தானாகவே எரிந்துகொண்டிருப்பதால் பின்விளக்கும் கூடவே எரியும். அதே மாதிரி ஆண்-பெண் கப்ளர் ஒரு செட் வாங்கி, நடுவில் ஒரு கிளை வைத்து இரண்டுக்கும் இடையில் செருகினேன். நாளைக்கு வண்டியை விற்றாலும், வாரண்டிக்குக் கொண்டுபோனாலும், உருவி எடுத்துவிட்டுப் பழையபடி மாட்டலாம். அந்தக் கப்ளர் டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் நான்கு கடை ஏறி இறங்கிய பிறகு கிடைத்தது.

ரிலேக்கு அடுத்து சீட்டுக்கு அடியில் ஆறு வழி ஃப்யூஸ் பெட்டி. ஜிபிஎஸ்ஸுக்கு 3 ஆம்பியர், யூஎஸ்பிக்கு 5, ஃபாக் லைட்டுக்கு 7.5. மூன்று வழி காலி. மொத்தம் எவ்வளவு இழுக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்தேன்: எல்லாம் ஓடும்போது 6 ஆம்பியருக்குச் சற்றுக் கீழே. இன்ஜின் அணைந்திருக்கும்போது பேட்டரி 12.7 வோல்ட். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காமல், ஃபாக் லைட்டோடு 13.1. கொஞ்சம் முறுக்கினால் 14.1. ஐடிலில் எல்லாவற்றையும் போட்டு 12.5-க்குக் கீழே இறங்கியிருந்தால் ஆல்டர்னேட்டர் தாங்கவில்லை, பேட்டரிதான் ஈடுகட்டுகிறது என்று அர்த்தம்; அப்போது எதையாவது கழற்றியே ஆக வேண்டும். வாட் கணக்கைப் புத்தகத்தில் தேடுவதைவிட இந்த மூன்று எண் போதும்.

எர்த்துக்கும் தனி வயர். சேசிஸ் முழுக்க எர்த்தானே என்று போல்ட் தேடவில்லை. எல்லாக் கருவியின் எர்த்தும் ஒரு இடத்தில் சேர்ந்து, அங்கிருந்து ஒரே வயராகப் பேட்டரியின் நெகட்டிவுக்குப் போகிறது. எங்காவது பாடியில்தான் கொடுக்க வேண்டும் என்றால் உப்புத்தாள் போட்டுப் பெயின்ட்டைத் தேய்த்து, இரும்பு பளபளக்கிற வரைக்கும் தேய்த்து, மாட்டி, மேலே வாசலின் தடவ வேண்டும். கறுப்பு வயர்தான் எர்த் என்று நம்பிவிடவும் கூடாது. கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பச்சையை எர்த்தாக வைத்திருக்கிற வண்டிகள் நிறைய உண்டு. மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

ஜாயிண்ட் விஷயத்தில் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சின்னத் தகராறு. ஈயம் வைத்தால்தான் உறுதி என்பது என் கட்சி. அவர் தன் டப்பாவிலிருந்து ஒரு பழைய ஆட்டோ வயரை எடுத்துக் காட்டினார். ஈயம் வைத்த இடம் அப்படியே இருக்கிறது. அது முடிகிற ஓரத்தில், கத்தியால் வெட்டியதுபோல் வயர் ஒடிந்திருக்கிறது. ஈயம் இழைகளுக்கு நடுவில் ஏறி அந்த இடத்தைக் கம்பியாக்கிவிடுகிறது. ஆட்டத்தில் வளைகிற பகுதிக்கும் வளையாத பகுதிக்கும் இடையில் ஒடிகிறது. அதனால் வயர் நுனியில் லக் என்கிற உலோக முனையை வைத்து, அதை அழுத்திக் கடிக்கவைத்து (கிரிம்ப் செய்து), உள்ளே பசை இருக்கிற ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடுபண்ணி மூடுவதுதான் நல்லது. கட்டிங் பிளேயரால் லக்கை நசுக்குவது கிரிம்ப் ஆகாது. அதற்கான டூல் வாங்குகிற காசை மிச்சம் பிடிக்காதீர்கள். கிரிம்ப் செய்ததும் பலமாக ஒரு இழு இழுத்துப் பாருங்கள். வருவது அங்கேயே வரட்டும், போடிமெட்டில் வேண்டாம்.

வயரைக் கொண்டுபோகிற வழிக்குத்தான் அதிக நேரம் ஆனது. டேங்கைக் கழற்றி, கம்பெனி வயர்க்கட்டு போகிற பாதையிலேயே என்னுடையதையும் ஸ்லீவ் மாட்டிப் படுக்கவைத்தேன். கம்பெனிக்காரன் எங்கே கொண்டுபோகிறானோ அங்கே சூடும் இல்லை, உரசலும் இல்லை என்று நம்பலாம். கழுத்துப் பகுதியில் மட்டும், ஹேண்டிலை இடது கடைசிக்கும் வலது கடைசிக்கும் திருப்பித் திருப்பிப் பார்த்து, இரண்டு பக்கமும் இழுபடாத அளவுக்கு விட்டுக்கொடுத்தேன். அந்த இடத்தில் டேக் (வயரைக் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை) போட்டு இறுக்கக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் போடலாம். கப்ளருக்குள் போகிற வயர் கொஞ்சம் கீழே தொங்கி மேலேறிப் போக வேண்டும். மழைத்தண்ணீர் வயர் வழியே ஓடிவந்து அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது. வீட்டு மீட்டர் பெட்டிக்கு சர்வீஸ் வயர் இழுக்கும்போது இதைத்தான் செய்கிறேன். வண்டிக்குச் செய்யத் தோன்றவில்லை. சுற்றுவதற்குத் துணி டேப். பளபளக்கிற பிளாஸ்டிக் டேப் நம் ஊர் வெயிலுக்கு லாயக்கில்லை.

பேட்டரியைக் கழற்றுகிறவர்களுக்கு ஒன்று: முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது மாற்றி. பாசிட்டிவில் ஸ்பேனர் இருக்கும்போது அதன் மறுமுனை சேசிஸைத் தொட்டால் கண்ணெதிரே வெல்டிங் நடக்கும்.

எல்லாம் முடித்து இரவில் தேனி ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். விளக்கு நன்றாக எரிந்தது. ஆனால் ஜிபிஎஸ் அம்பு செக்கானூரணி தாண்டியதும் ரோட்டை விட்டு இறங்கி வயல் வழியே நடக்க ஆரம்பித்தது. பகலில் இந்தத் தொல்லை இல்லை. பழைய கருவி, இரவில் கண் தெரியவில்லை போல என்று கேலி பேசிக்கொண்டு இரண்டு வாரம் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் வீட்டு முற்றத்தில் நிறுத்தி, ஜிபிஎஸ்ஸில் செயற்கைக்கோள்களின் பலத்தைக் காட்டுகிற பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டேன். ஃபாக் லைட்டைப் போட்டதும் உயரமாக நின்ற கோடுகள் பொசுக்கென்று பாதியானது. அணைத்தால் ஏறியது. எல்இடிக்குள் இருக்கிற டிரைவர் கரண்ட்டை நொடிக்கு லட்சக்கணக்கான முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. மலிவான டிரைவரில் அந்த இரைச்சல் ரேடியோ அலையாக வெளியே கசியும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து பேசுகிறது, நம்மிடம் வந்து சேரும்போது அது காதுக்குள் சொல்கிற ரகசியம். பக்கத்தில் ஒருவன் தகரத்தைத் தட்டினால் எப்படிக் கேட்கும்? மலிவான யூஎஸ்பி சார்ஜரும் இதே வேலையைச் செய்யும்.

ஃபாக் லைட்டின் பாசிட்டிவ், எர்த் இரண்டையும் பின்னல்போல முறுக்கிக் கொண்டுபோனேன். இந்த இரைச்சலை அடக்குவதற்காக வயரில் மாட்டுகிற கறுப்பு ஃபெரைட் உருளை இரண்டைப் போட்டேன். ஜிபிஎஸ் வயரை, ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயிலின் பக்கத்திலிருந்து விலக்கி டேங்கின் மறுபக்கம் மாற்றினேன். கோடுகள் முக்கால்வாசி திரும்பி வந்தன. மீதிக் கால்வாசி அந்த லைட்டை மாற்றினால்தான் வரும் போலிருக்கிறது. இப்போதைக்கு அம்பு வயலில் இறங்குவதில்லை.

சிக்னல் பற்றிப் பலருக்கு ஒரு குழப்பம் உண்டு. மலையில் டவர் இல்லாவிட்டால் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று நினைக்கிறார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, வரைபடத்துக்குத்தான் தேவை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் போனுக்கும் இதே கதைதான். டவர் இருந்தால் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற தகவல் நெட்டில் சட்டென்று கிடைத்துவிடும். இல்லாவிட்டால் செயற்கைக்கோளே சொல்லி முடிக்கிற வரை காத்திருக்க வேண்டும்; ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிடத்தைச் சொல்ல 30 நொடி எடுக்கும். நடுவில் மரம் மறைத்தால் மறுபடி முதலிலிருந்து. அதனால் கிளம்பும்போது வெட்டவெளியில் இரண்டு நிமிஷம் நிறுத்தி, அது இடம் பிடித்த பிறகு நகர்வேன். டீ குடிக்கிற நேரம்தான்.

பழைய கருவிக்குப் பழைய வரைபடம் என்பது இன்னொரு தொல்லை. 2023-ல் திறந்த நத்தம் ரோடு பறக்கும் பாலம் இதற்குத் தெரியவே தெரியாது. 7.3 கி.மீ. நீளத்துக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது, கீழே உள்ள ரோட்டில் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ‘200 மீட்டரில் இடதுபுறம் திரும்பவும்’ என்கிறது. திரும்பினால் நாராயணபுரத்தில் யார் வீட்டு மொட்டைமாடியிலாவது விழ வேண்டியதுதான். வரைபடத்தைப் புதுப்பித்த பிறகும், ஒன்றின்மேல் ஒன்றாக ரோடு இருக்கிற இடத்தில் இவற்றை முழுதாக நம்புவதில்லை. தரையில் எந்த இடம் என்பதைச் சொல்கிற அளவுக்கு உயரத்தைத் துல்லியமாகச் சொல்ல ஜிபிஎஸ்ஸால் முடியாது.

மாட்டுகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்பீடோ மீட்டருக்கு மேலே, தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் இறக்கினால் தெரிகிற உயரம். போனாக இருந்தால் சட்டமும் இதையொட்டித்தான் பேசுகிறது: மோட்டார் வாகன விதிகளில் 2020-ல் வந்த திருத்தம், ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது. ஓடும்போது ஊர் பெயரை டைப் பண்ணுவது அதில் வராது. ஃபாக் லைட்டின் முகத்தையும் கீழே இறக்கி வையுங்கள். எதிரே வருகிற பஸ்காரர் கண் கூசி எங்கே திருப்புவார் என்று நமக்குத் தெரியாது.

இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. 5, 7.5, 10, 15 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டிரண்டு, ஒரு ரிலே, இரண்டு முழம் வயர், டெஸ்ட் லேம்ப். அதில் ஒரு 10 ஆம்பியர் ஃப்யூஸ் அந்தப் பொலிரோக்காரருடையது. போடி போகும்போதெல்லாம் பார்க்கிறேன், அந்த வண்டி கண்ணில் படவில்லை. இன்னமும் பாட்டில்லாமல்தான் இறங்குகிறாரோ என்னவோ.

வீட்டுக்காரி தன் ஸ்கூட்டருக்கும் ஒரு சார்ஜர் வேண்டும் என்கிறாள். போன ஞாயிறு பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தேன். வெற்றிலைப்பெட்டி அளவுக்குத்தான் பேட்டரி. பக்கத்தில் ரிலே வைக்க விரல்கடை இடம் கிடையாது. மூடியை மாட்டிவிட்டு ஆரப்பாளையத்துக்குப் போன் போட்டேன். “வண்டிய கொண்டாங்க தம்பி, பாப்போம்” என்றிருக்கிறார் அண்ணன்.